மழை வந்தால் மட்டும் வரும் எர்த் ஃபால்ட்

போன ஐப்பசியில் ஒரு நாள், ராத்திரி 11:30 இருக்கும், போன் அடித்தது. பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில், அப்போதுதான் அங்கே ஃபயர் அலாரத்துக்கு ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், எடுத்திருந்தோம். பேசியது நைட் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன். அவர் குரலுக்கு முன்னால் மழைச் சத்தமும் அலாரம் கன்ட்ரோல் பேனலின் பஸ்ஸர் சத்தமும்தான் காதில் விழுந்தன. "தம்பி, எர்த் ஃபால்ட்டுன்னு காட்டுதுங். அமுத்தி உட்டா மறுக்கா கத்துது. என்ன பண்றதுங்?" எர்த் ஃபால்ட் என்றால் சிஸ்டத்தின் வயர் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது என்று பேனல் சொல்வது. சைலன்ஸ் பண்ணிவிட்டு விடுங்கண்ணா, காலையில் வருகிறேன் என்றேன்.

காலையில் போனால் மழை விட்டு நல்ல வெயில். பேனலில் ஃபால்ட்டும் இல்லை ஒன்றும் இல்லை, பச்சை விளக்கு எரிய 'சிஸ்டம் நார்மல்' என்று சாதுவாக நிற்கிறது. ஈவென்ட் லாகை உருட்டிப் பார்த்தால் ராத்திரி வந்த எர்த் ஃபால்ட் விடிந்து கொஞ்ச நேரத்தில் தானாகவே போயிருக்கிறது. இருந்த பாக்ஸ் ரெண்டைத் திறந்து மூடிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் பத்து நாளில் இன்னும் இரண்டு தடவை இதே கதை. மூன்றாவது தடவை எலக்ட்ரீஷியன் அண்ணனே சொல்லிவிட்டார்: "மழ வந்தா வருது, வெய்யில் வந்தா போயிருது. டிவில சொல்றதுக்கு முன்னாடி இது சொல்லிருதுங் தம்பி."

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டவெளியில் ஸ்பீக்கரும் ஸ்ட்ரோபும் (அலாரத்துக்குப் பளிச் பளிச்சென்று அடிக்கும் விளக்கு) போட்ட சைட்டில் மழைக்கு மட்டும் வரும் எர்த் ஃபால்ட் என்றால், எங்கேயோ ஒரு பெட்டிக்குள் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். எந்தப் பெட்டி என்பதுதான் கேள்வி. பேனல் அதைச் சொல்லாது. நிறைய பேனல்களில் எர்த் ஃபால்ட் மொத்த சிஸ்டத்துக்கும் பொதுவாகத்தான் வரும், இந்த சர்க்யூட், இந்த இடம் என்று வராது.

இடம் எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேட் பக்கத்து செக்யூரிட்டி ரூமில் பேனலும் ஆம்ப்ளிஃபயரும். அங்கிருந்து பஞ்சு குடோன், வேஸ்ட் குடோன், தொழிலாளர் ஹாஸ்டல், அசெம்பிளி பாயின்ட் என்று யார்டு முழுக்க 9 ஹார்ன் ஸ்பீக்கர், 8 ஸ்ட்ரோப். குடோன் பக்கம் 3 ஸ்ட்ரோப் ஒரு சர்க்யூட், ஹாஸ்டல் பக்கம் 5 ஸ்ட்ரோப் இன்னொரு சர்க்யூட். வயரிங் நாங்கள் செய்ததில்லை. யார் செய்தது என்பது இங்கே வேண்டாம், செய்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கே தெரியும்.

மில்லில் இதெல்லாம் எதற்கு வெளியே என்று கேட்பவர்கள் உண்டு. பஞ்சு பேல் ஒன்று 170 கிலோ. அதற்குள் நெருப்பு புகுந்தால் வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருக்கும், அப்புறம் ஒரு காற்றுக்கு மொத்தமாகப் பிடிக்கும். குடோனில் லோடு இறக்குகிறவர்கள், லாரி டிரைவர்கள், ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டலில் அசந்து தூங்குகிறவர்கள், இவர்கள் எல்லாருமே கட்டடத்துக்குள் இருக்கும் ஹூட்டர் கேட்காத இடத்தில் இருப்பவர்கள்.

ஹூட்டர் போதாதா, பேசுகிற ஸ்பீக்கர் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கோயமுத்தூர் வட்டாரத்தில் மில் சங்கு என்பது நேரம் பார்க்கும் கருவி. சங்கு ஊதினால் ஷிஃப்ட் மாறுகிறது, அவ்வளவுதான். ராத்திரி 2 மணிக்கு ஹூட்டர் ஊதினால் ஹாஸ்டலில் இருப்பவர் என்ன நினைப்பார்? புரண்டு படுப்பார். குரல் வந்தால்தான் எழுந்திருப்பார், அதுவும் அவருக்குப் புரிகிற குரல். இந்த மில்லில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள்.

சரி, ஃபால்ட்டுக்கு வருகிறேன்.

முதலில் மல்டிமீட்டரை எடுத்து பேனலில் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் எவ்வளவு, நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் எவ்வளவு என்று பார்த்தோம். இந்த 24 வோல்ட் சிஸ்டத்தில் இரண்டு வயருமே எர்த்தைத் தொடாமல் மிதந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்று எர்த்தைத் தொட்டால் அந்தப் பக்கத்து ரீடிங் விழுந்துவிடும். ஒரு வயர் தொட்டால் சிஸ்டம் நிற்காது, வேலை செய்துகொண்டேதான் இருக்கும், அதனால்தான் பல பேர் எர்த் ஃபால்ட்டைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டாவது வயரும் வேறெங்காவது தொட்டால் அப்போது அது ஷார்ட். அந்த சர்க்யூட் மொத்தமும் போச்சு. வெயிலில் நாங்கள் அளந்தபோது ரீடிங் நன்றாகத்தான் இருந்தது. மழை வேண்டும்.

மழைக்காக உட்கார்ந்திருக்க முடியாதே. மில் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி ஒன்று கிடந்தது. ஹெல்பர் பையனை ஏணியில் ஏற்றி, பேனல் பக்கம் நான் நின்றுகொண்டு, போனில் பேசிக்கொண்டே ஒவ்வொரு பாக்ஸாக ஊற்றச் சொன்னேன். இதில் ஒரு சூட்சுமம், மேலே இருந்து ஊற்றக் கூடாது. மேலே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எங்கே புகுந்தது என்று தெரியாது. கீழே கிளாண்டில் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் நட்டு) ஆரம்பித்து, அப்புறம் மூடியின் ஓரம், கடைசியாகத்தான் மேல் பக்கம். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு மூன்று நிமிஷம் பொறுக்க வேண்டும், பேனல் உடனே காட்டாது. பல்லடம் பக்கம் ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ ஏணி பறக்கும், நல்ல வேளையாக அது ஐப்பசி.

ஸ்பீக்கர் ஒன்பதும் தேறின. ஸ்ட்ரோப் எட்டும் தேறின. நான் விட்டுவிடலாம் என்று நினைத்தபோது பையன் கேட்டான்: "ண்ணா, அந்த ஜங்ஷன் பாக்ஸ் ஒண்ணு ஹாஸ்டல் செவுத்துல, தண்ணி டேங்குக்குப் பின்னாடி இருக்குதுங், அதுக்கும் ஊத்தட்டுங்களா?" அப்படி ஒரு பாக்ஸ் இருப்பதே எனக்குத் தெரியாது, டிராயிங்கில் இல்லை. ஊற்றினான். நாற்பது செகண்டில் பேனல் கத்தியது.

திறந்து பார்த்தால் இரண்டு விரற்கடை தண்ணீர். பழைய தண்ணீர், துருவும் பாசியும் கலந்து டீ நிறத்தில். ஓரத்தில் காய்ந்துபோன பல்லி ஒன்று. கேபிள் மேல் பக்கமாக நுழைகிறது, சிங்கிள் கம்ப்ரஷன் கிளாண்ட், அதுவும் கையால் திருகிவிட்டது போல லூஸாக. ஆனால் அதைவிடக் கோபம் வந்தது எதைப் பார்த்தென்றால், பாக்ஸின் அடியில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருந்த சின்ன ஓட்டையை சிலிக்கான் வைத்து அழகாக அடைத்திருந்தார்கள்.

இந்த சிலிக்கான் வியாதியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெளியே வைக்கிற பெட்டி என்றால் எல்லா இண்டு இடுக்கிலும் சிலிக்கானைப் பூசிவிட்டால் தண்ணீர் போகாது என்று ஒரு நம்பிக்கை. போகும். பகலில் வெயிலுக்குப் பெட்டிக்குள் காற்று சூடாகி விரிந்து வெளியே போகும். திடீரென்று மழை பெய்து பெட்டி குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும், எங்கே மயிரிழை வழி கிடைக்கிறதோ அங்கிருந்து இழுக்கும். அந்த நேரத்தில் அந்த வழியில் நிற்பது மழைத் தண்ணீர். பெட்டி தினமும் மூச்சு விடுகிறது, அதை நிறுத்த முடியாது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழி விடுவதுதான் நம் வேலை. ஐபி65 (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக் குறியீடு) என்று பெட்டியின் மேல் அச்சடித்திருப்பது கம்பெனியில் அது மூடியிருந்த நிலைமைக்கு. நாம் டிரில் போட்டு ஓட்டை பண்ணி, லூஸாக கிளாண்ட் மாட்டிய நிமிஷமே அந்த நம்பருக்கு மதிப்பில்லை.

எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லி வைத்திருப்பது: கேபிள் எப்போதும் அடியிலிருந்து நுழைய வேண்டும். அடியில் முடியாதென்றால் பக்கவாட்டில். மேலிருந்து நுழைவது கிடையவே கிடையாது. நுழைவதற்கு முன் கேபிளை 'யு' போலத் தொங்கவிட்டு வளைத்துக் கொண்டுவர வேண்டும், தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கிளாண்டுக்கு ஏறி வராது. ஆர்மர்டு (இரும்புக் கம்பிக் கவசம் போட்ட) கேபிளுக்கு டபுள் கம்ப்ரஷன் பித்தளை கிளாண்ட், கேபிளின் விட்டத்துக்குச் சரியான சைஸில், ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். மூடி ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்க்ரூ ரெண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தலை கழன்றுவிடும், அப்புறம் மூடியை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். மூடி ரப்பரைத் திருகாமல் உட்கார வைக்க வேண்டும். சிலிக்கான் வேண்டுமானால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மேலேயும் இரண்டு பக்கமும் பூசலாம், அடியில் மட்டும் கூடாது.

அந்தப் பாக்ஸுக்குள் இன்னொரு விஷயம் இருந்தது. ஜாயின்ட் போட டெர்மினல் பிளாக்கே இல்லை, வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தேன். சிவப்பு வயர் கறுத்திருந்தது, ஆனால் இருந்தது. கறுப்பு வயர் பச்சைப் பொடியாகி, தொட்டதும் உதிர்ந்து கையோடு வந்துவிட்டது.

எனக்கு ஒரு நிமிஷம் குழப்பம். தண்ணீரில் டிசி ஓடினால் பாசிட்டிவ் பக்கத்துக் காப்பரைத்தான் தண்ணீர் தின்னும். இங்கே தின்றிருப்பது நெகட்டிவ் வயரை. அப்புறம்தான் உறைத்தது. சும்மா இருக்கும் நேரத்தில் பேனல் இந்த சர்க்யூட்டில் அனுப்புவது தலைகீழ் போலாரிட்டி. ஒவ்வொரு ஸ்ட்ரோபுக்குள்ளும் ஒரு டயோடு இருக்கிறது, தலைகீழ் கரன்ட்டை அது விடாது, அதனால் ஸ்ட்ரோப் அடிக்காது. அந்தச் சின்ன கரன்ட் லைன் கடைசியில் மாட்டியிருக்கும் ரெசிஸ்டர் வழியாகப் பேனலுக்குத் திரும்பி வரும். வந்தால் லைன் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் 'ஓப்பன்' என்று கத்தும். அலாரம் வரும்போது மட்டும் போலாரிட்டி நேராக மாறி எல்லா ஸ்ட்ரோபும் அடிக்கும். ஆக வருஷம் முழுக்க கறுப்பு வயர்தான் பாசிட்டிவ். அதனால்தான் அது போயிருக்கிறது.

ஆனால் இப்போது இன்னொரு கேள்வி. கறுப்பு வயர் அறுந்திருக்கிறது. அப்படியானால் பேனல் 'ஓப்பன்' என்று காட்டியிருக்க வேண்டுமே? வெயில் நாளில் எப்படி நார்மல் என்றது?

கடைசி ஸ்ட்ரோபைக் கழற்றினேன். எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர் இல்லை. அதற்கு முந்தியதிலும் இல்லை. செக்யூரிட்டி ரூமுக்கு நடந்து வந்து பேனல் கதவைத் திறந்து, அந்த சர்க்யூட் டெர்மினலில் டார்ச் அடித்துப் பார்த்தால், ரெசிஸ்டர் அங்கே உட்கார்ந்திருக்கிறது. பேனலுக்குள்ளேயே. அதன் இரண்டு காலையும் லைன் வயர் ரெண்டின் ஸ்க்ரூவிலேயே, ஒவ்வொன்றுக்கு ஒன்றாக, சேர்த்து முடுக்கிவிட்டிருக்கிறார்கள்.

ஃபீல்டில் இருப்பவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரெசிஸ்டர் பேனலுக்குள் இருந்தால், வெளியே 220 மீட்டர் கேபிளைக் கத்தரித்துக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டாலும் பேனல் நார்மல் என்றுதான் சொல்லும். சிஸ்டத்தை ஓட்டிக் காட்டி ஒப்படைக்கும் கமிஷனிங் நாளில் எங்கேயோ ஓப்பன் காட்டியிருக்கும், தேட நேரமில்லை, கஸ்டமர் கையெழுத்து வேண்டும், ரெசிஸ்டரை உள்ளே மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஹாஸ்டல் பக்கத்து 5 ஸ்ட்ரோபும் எத்தனை மாதமாக, எத்தனை வருஷமாகச் செத்துக் கிடந்தன என்று யாருக்கும் தெரியாது. மாக் டிரில் எல்லாம் நடந்திருக்கிறது. பகலில் நடந்திருக்கிறது, ஸ்பீக்கர் சத்தம் கேட்டு எல்லாரும் நடந்திருக்கிறார்கள், வெயிலில் ஸ்ட்ரோப் அடிக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த பாக்ஸுக்குள் தண்ணீர் புகுந்து, மிச்சமிருந்த வயர் நுனியை ஆர்மர் எர்த்தோடு சேர்த்ததால்தான் பேனலுக்கு வாய் திறக்க வழி கிடைத்தது. மழை பெய்யாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. முதல் நாள் வந்தபோது நானும் நார்மலைப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுத்தானே போனேன்.

அதற்கப்புறம் எதையும் நம்பவில்லை, எல்லாவற்றையும் திறந்தோம். ஒரு ஸ்ட்ரோபில் வயரை வெட்டாமல் தோலை மட்டும் உரித்து, ஸ்க்ரூவைச் சுற்றி வளைத்து அப்படியே அடுத்ததுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பார்க்க நீட்டாக இருக்கும். ஆனால் அந்த ஸ்க்ரூ லூஸாகி வயர் வெளியே வந்தால் லைன் அறுபடாது, பேனலுக்குத் தெரியாது, அந்த ஒரு ஸ்ட்ரோப் மட்டும் சத்தமில்லாமல் செத்திருக்கும். உள்ளே வருகிற வயர் ஒரு டெர்மினல், வெளியே போகிற வயர் இன்னொரு டெர்மினல், வெட்டித்தான் மாட்ட வேண்டும். குடோன் பக்கம் ஒரு ஸ்ட்ரோபை நடு லைனிலிருந்து கிளை பிரித்து எடுத்திருந்தார்கள், அதுவும் அதே கதைதான், கிளை அறுந்தால் பேனல் அறியாது.

ஹாஸ்டல் லைனைப் புதிதாக இழுக்க முடிவு பண்ணினோம். மில் மேனேஜர் கேட்டார், பழைய சைஸே போதாதா என்று. பழையது 1.5 ஸ்கொயர், அதாவது 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன். கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். 1.5 ஸ்கொயர் காப்பருக்கு கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக வர ரெண்டு வயர், 220 மீட்டர், ஆக 5.3 ஓம். ஹாஸ்டல் ஸ்ட்ரோப் ஒன்று கிட்டத்தட்ட 0.2 ஆம்பியர் இழுக்கும், ஐந்தும் சேர்ந்து 1 ஆம்பியர். லைனிலேயே 5.3 வோல்ட் போய்விடும். 24-ல் 5 போனால் 19 இருக்கிறதே என்பார்கள். நெருப்பு பிடித்தால் முதலில் மெயினை ஆஃப் பண்ணுவார்கள், அப்போது ஓடுவது பேட்டரி. பேட்டரி இறங்கிய நிலைமையில் 20.4 வோல்ட் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 20.4-ல் 5.3 போனால் 15.1. ஸ்ட்ரோபுக்கு குறைந்தபட்சம் 16 வேண்டும். போதாததற்கு, ஸ்ட்ரோப் ஒரு வினோதமான ஜந்து, வோல்டேஜ் குறைந்தால் கரன்ட்டைக் கூடுதலாக இழுக்கும், அதனால் ஒன்றையொன்று கீழே இழுத்துக்கொண்டு போகும்.

2.5 ஸ்கொயர் போட்டால் கிலோமீட்டருக்கு 7.41 ஓம், லைனில் போவது 3.3 வோல்ட்டுக்குக் கீழே, கடைசியில் 17 நிற்கிறது. கேபிள் தகரக் கூரை ஓரமாகப் போகிறது, வெயிலில் காப்பர் சூடானால் ரெசிஸ்டன்ஸ் இன்னும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஏறும், அப்போதும் 16.7 இருக்கும். பாஸ். ஹாஸ்டலிலேயே தனியாக பூஸ்டர் பவர் சப்ளை வைக்கலாமே என்று எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் சொன்னார். வைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு பேட்டரி, அந்தப் பேட்டரி ஹாஸ்டல் மாடிப்படிக்கடியில் புழுங்கும், சூட்டில் எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய) பேட்டரி சீக்கிரம் சாகும், அதைப் பார்க்க ஆள் வேண்டும். கேபிள் காசு ஒரு தடவை. மேனேஜர் தலையை ஆட்டினார். அவருக்குக் கணக்கு புரிந்ததா, நான் சீக்கிரம் கிளம்பினால் போதுமென்று ஆட்டினாரா தெரியவில்லை.

கேபிள் இழுத்தபின் ஸ்ட்ரோப் மாட்டுவதற்கு முன்னால் மெக்கர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டோம். இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, வெறும் கேபிளுக்கு மட்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், பேனலோடு சேர்த்து 500 வோல்ட் மெக்கரை ஒருமுறை சுற்றிய பையனை எனக்குத் தெரியும். பேனல் போர்டு விலையைக் கேட்டபின் அவன் மெக்கரைத் தொடுவதில்லை.

ஸ்பீக்கர் விஷயம் தனி ரகம். இது 100 வோல்ட் லைன், ஹார்னுக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதில் டேப்பிங்கை (வயர் மாட்டும் முனையை) மாற்றி எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒன்பதையும் 15 வாட்டில் வைத்திருந்தார்கள். 135 வாட். ஆம்ப்ளிஃபயர் 120 வாட். மெசேஜ் போட்டால் குரல் பிய்ந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு கத்துவது போலக் கேட்டது. பெரும்பாலானவற்றை 7.5-க்கு இறக்கினேன். சத்தம் பாதியாகிவிடாதா என்று பையன் கேட்டான். ஆகாது. பவர் பாதியானால் 3 டெசிபல்தான் குறையும், காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. தூரம்தான் சத்தத்தைத் தின்னும், தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போகும். 1 மீட்டரில் 105 என்றால் 8 மீட்டரில் 87, 32 மீட்டரில் 75. அதனால் ஒரே ஹார்னை முழு பவரில் அலறவிடுவதைவிட, நடுத்தர பவரில் நாலு ஹார்னைப் பரப்பி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

எவ்வளவு சத்தம் போதும் என்பதற்கு ஆளுக்கொரு ஃபயர் அலார விதிப் புத்தகம். பிரிட்டிஷ் பிஎஸ் 5839 65 டெசிபல், அல்லது சுற்றுச் சத்தத்துக்கு மேல் 5 என்கிறது. அமெரிக்க என்எஃப்பிஏ 72 சராசரிச் சத்தத்துக்கு மேல் 15 கேட்கிறது. மில் யார்டில் நான் 15-ஐத்தான் எடுத்துக்கொள்வேன். கம்ப்ரஸர் ரூம் பக்கம் மீட்டர் 71 காட்டியது, மில்லுக்குள் ஈரப்பதத்தைப் பராமரிக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் காற்று வெளியே வருகிற இடத்தில் அதற்கு மேல். அங்கே இருந்த ஹார்னை மட்டும் 15 வாட்டிலேயே விட்டேன்.

இன்னொன்று, இரண்டு ஹார்ன் எதிரும் புதிருமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன, நடுவில் 70 மீட்டர். ஒன்றிலிருந்து 10 மீட்டரில் நிற்பவருக்கு மற்றதன் சத்தம் 50 மீட்டர் கூடுதலாக நடந்து வர வேண்டும், ஒலி செகண்டுக்கு 340 மீட்டர், ஆக ஏழில் ஒரு பங்கு செகண்ட் பிந்தி வரும். கோயில் திருவிழா மைக் செட்டில் நாம் எல்லாரும் கேட்டதுதான், சத்தம் காதைப் பிளக்கும், என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் புரியாது. இரண்டையும் கழற்றி, நடுவில் ஒரே போஸ்டில் முதுகோடு முதுகாகத் திருப்பி வைத்தோம்.

மூன்று ஹார்ன்களில் டிசி பிளாக்கிங் கெப்பாசிட்டரே இல்லை, சாதாரண மைக் செட் ஹார்ன். ஸ்பீக்கர் லைனையும் பேனல் சின்ன டிசி அனுப்பித்தான் கண்காணிக்கும், கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் அந்த டிசிக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்று வெறும் ஷார்ட். அதற்கும் பழைய ஆட்கள் ஒரு 'தீர்வு' வைத்திருந்தார்கள், ஸ்பீக்கர் லைன் சூப்பர்விஷனையே ஆஃப் பண்ணியிருந்தார்கள். அந்த மூன்றையும் மாற்றினோம். பழையதில் ஒன்றின் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டி முக்கால்வாசி அடைத்திருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அதுதானுங் இந்தப் பக்கம் மட்டும் சளி புடிச்சாப்ல பேசுச்சு" என்றார். புதியதற்கு வாயில் மெல்லிய வலை கட்டிவிட்டோம், கொசுவலைத் துணி இல்லை, ஸ்டெயின்லெஸ் வலை.

ஸ்ட்ரோப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வெயிலில் வெளியே ஸ்ட்ரோப் பாதி பிரயோஜனம்தான், மத்தியானம் 30 மீட்டர் தள்ளி நின்றால் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும், அது ராத்திரிக்கும், காது கேட்காதவருக்கும், காதில் பிளக் வைத்துக்கொண்டு மெஷின் பக்கம் நின்றுவிட்டு அப்படியே வெளியே வருபவருக்கும். குடோன் பக்கத்து லென்ஸில் பஞ்சுத் தூசி படிந்து மழையில் நனைந்து காய்ந்து மாவு போல் ஒட்டியிருந்தது, துடைத்ததும் வெளிச்சம் எங்கேயோ போயிற்று. ஒரே இடத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற ஸ்ட்ரோப் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும், ஆளுக்கொரு நேரத்தில் அடித்தால் வெளிச்சத்துக்கு வலிப்பு வருகிறவர்களுக்கு ஆபத்து. இங்கே இரண்டு சர்க்யூட்டையும் ஒரே சிங்க் செட்டிங்கில் போட்டதும் சரியானது.

கடைசியாக மெசேஜ். முன்னால் இருந்தது ஆங்கிலத்தில், யாரோ ஒரு பெண் குரல், ஏர்போர்ட்டில் பேசுவது போல. அதை எடுத்துவிட்டு தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் பதிந்தோம். தமிழுக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன். இந்தியும் ஒடியாவும் ஹாஸ்டலில் இருக்கும் ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்) ஓட்டும் ஒரு பெண், பேச ஆரம்பித்தபோது வெட்கத்தில் மூன்று தடவை சிரித்துவிட்டாள், நாலாவது தடவை ஒரே மூச்சில் பேசி முடித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தச் சொன்னேன், எதிரொலி அடங்க.

டெஸ்டை ராத்திரி 8 மணிக்கு வைத்தோம், எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. மெயினை ஆஃப் பண்ணி, பேட்டரியில். நான் ஹாஸ்டல் கடைசி ஸ்ட்ரோபுக்குக் கீழே மீட்டரோடு நின்றேன். 19.8 வோல்ட், பேட்டரி புதுசு, அதனால் நல்ல ரீடிங். ஐந்தும் ஒன்றாக அடித்தன. ஒடியா மெசேஜ் வந்தபோது மாடி வராந்தாவில் கைதட்டல், அது தங்கள் பிள்ளையின் குரல் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

போன வாரம் நல்ல மழை. ராத்திரி போன் வருமென்று எதிர்பார்த்தேன், வரவில்லை. எனக்குத்தான் தூக்கம் வராமல் நானே கூப்பிட்டேன். "நார்மல்னு காட்டுதுங்" என்றார் அண்ணன். ரெசிஸ்டர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் போனை வைத்துவிட்டுத் தூங்கினேன். வேஸ்ட் குடோன் பக்கத்து கிளை லைன் இன்னும் பாக்கி, ஷட்டவுன் கிடைத்தால் தை பொங்கல் லீவில் முடித்துவிடலாம். கேபிள் பில்லும் பாக்கி, அது எந்த லீவில் பாஸாகும் என்று மேனேஜரைத்தான் கேட்க வேண்டும்.